சாலையோரக் களை பாலைவனத்தில் எப்படிப் பிழைக்கிறது? இலை மாறுகிறதா, காலக்கணக்கு மாறுகிறதா?

மண்புழு

வணக்கம். ரொம்ப நாளாக மண்டையைக் குடையும் கேள்வி. பாலைவனச் செடி என்றதும் கள்ளிதான் நினைவுக்கு வருகிறது. தடித்த தண்டு, மெழுகு பூசிய தோல், இலை இருக்க வேண்டிய இடத்தில் முள். ஆனால் அமெரிக்காவின் மொஹாவி, சொனோரன் போன்ற பாலைவனங்களில் நெடுஞ்சாலையை ஒட்டி எடுத்த படங்களைப் பாருங்கள். தார் முடியும் இடத்திலிருந்து வரிசையாக நிற்பவை சாதாரணக் களைகள். கடுகுச் செடி மாதிரி மெல்லிய இலை, நுனிவிரலால் பிடுங்கினால் வேரோடு வந்துவிடும் போல ஒரு தண்டு. தண்ணீரைச் சேமித்துவைக்க அவற்றிடம் ஓர் ஏற்பாடும் இருப்பதாகத் தெரியவில்லை.

இந்தக் களைகள் பாலைவனத்துக்கு வந்த பிறகு மாறினவா, இல்லை மாறாமலேயே ஒப்பேற்றுகின்றனவா? மாறினவை என்றால் எது மாறியது, எத்தனை தலைமுறை பிடித்தது? மரபணு அளவில் யாராவது பார்த்திருக்கிறார்களா?

கள்ளிச்செடி

இதில் குழம்ப என்ன இருக்கிறது? இயற்கைத் தேர்வு தன் வேலையைச் செய்யும். நீரை அதிகம் இழக்கும் செடி செத்துப்போகும், குறைவாக இழக்கும் செடி விதை விடும். சில நூறு தலைமுறை போனால் இலை சிறுக்கும், தடிக்கும், மேலே ரோமம் அடர்த்தியாகும், இலைத்துளை குறையும், வேர் ஆழமாகும். இப்போது நீங்கள் பார்ப்பது அந்தப் பயணத்தின் தொடக்கம். இன்னும் பத்தாயிரம் ஆண்டு கழித்து வந்து பாருங்கள், அதே கடுகு குட்டிக் கள்ளி மாதிரி நிற்கும்.

விதைப்பெட்டி

கள்ளிச்செடி சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நடப்பது பெரும்பாலும் அப்படி இல்லை.

முதலில் சாலையோரத்தையே கொஞ்சம் பார்ப்போம். அது பாதி பாலைவனம்தான். நிழல் கிடையாது, மண் இறுகிக் கிடக்கும், தார் பகலெல்லாம் வாங்கிய சூட்டை மாலையில் திருப்பிக் கொடுக்கும், மட்கு மிகக் குறைவு. அங்கே தலைமுறை தலைமுறையாகப் பிழைத்த களைக்குப் பாலைவனம் முழுக்க அந்நியமான இடம் அல்ல. இன்னொரு பக்கமும் உண்டு. தாரில் விழும் மழை உள்ளே இறங்காமல் ஓரத்துக்கு வழிந்துவிடுகிறது. அதனால் சாலையை ஒட்டிய ஒரு குறுகிய பட்டைக்கு மட்டும், வானம் கொடுத்ததைவிட அதிகத் தண்ணீர் கிடைக்கிறது. மொஹாவியில் சாலையோரத் தாவரங்கள் உள்நிலத்தில் உள்ளவற்றைவிடச் செழிப்பாக வளர்வதை 1975லேயே ஆய்வாக வெளியிட்டிருக்கிறார்கள். ஆக, களைக்குப் பாலைவனத்துக்குள் நுழையும் வாசலே சாலைதான்.

இனி உங்கள் கேள்வி. வறட்சியை எதிர்கொள்ளச் செடிக்கு மூன்று வழிகள். வறட்சி வருமுன் வாழ்க்கையை முடித்துக்கொண்டு விதையாகிவிடுவது ஒன்று. நீரைச் சேமித்தோ ஆழமாக வேர்விட்டோ உடம்பு வறளாமல் பார்த்துக்கொள்வது இரண்டு. உடம்பே வறண்டாலும் சாகாமல் தாங்குவது மூன்று. கள்ளி இரண்டாவது வழிக்காரன். ஓராண்டுக் களைகளில் மிகப் பெரும்பாலானவை முதல் வழிக்காரர்கள். இவர்களுக்கு இலை தடித்து என்ன ஆகப்போகிறது? மாற வேண்டியது காலக்கணக்கு: எப்போது முளைப்பது, எப்போது பூப்பது.

இதில் இன்னொன்று. பாலைவனத்தின் சொந்தப் பிள்ளைகளிலேயே பெருங்கூட்டம் இந்த ஓராண்டுச் செடிகள்தான். மழை பெய்தால் பூத்துக் கம்பளம் விரித்துவிட்டுச் சில வாரங்களில் காணாமல் போகும் கூட்டம். அவற்றின் இலைகளும் பல நேரம் சாதாரண மெல்லிய இலைகளே. கள்ளியை மட்டும் பாலைவனத்தின் அடையாளமாக வைத்துக்கொண்டதால் வந்த குழப்பம் இது.

மண்புழு

சரி, காலக்கணக்கு மாறும் என்கிறீர்கள். உண்மையில் மாறியதற்கு ஆதாரம் உண்டா சார்? இல்லை, மாறியிருக்க வேண்டும் என்ற ஊகமா?

விதைப்பெட்டி

உண்டு. அதுவும் மரபணுவில் எந்த எழுத்து மாறியது என்பது வரை.

அரபிடோப்சிஸ் தாலியானா என்ற குட்டிக் களை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். கடுகுக் குடும்பம். நடைபாதை ஓரம், ரயில் பாதைச் சரளை, மணல் மேடு என்று எங்கும் முளைக்கும். தாவரங்களிலேயே முதன்முதலில் முழு மரபணுத் தொகுதி படிக்கப்பட்டது இதற்குத்தான், 2000ஆம் ஆண்டில். ஐரோப்பாவில் இதன் பல வகைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. இலையுதிர் காலத்தில் முளைத்து, தரையோடு ஒட்டிய இலைவட்டமாகக் குளிரைக் கடந்து, வசந்தத்தில்தான் பூக்கும். குளிர் வந்து போனால்தான் பூக்கும் பூட்டு திறக்கும். அந்தப் பூட்டு எஃப்எல்சி என்ற மரபணு. பூட்டை இறுக்கி வைப்பது எஃப்ஆர்ஐ என்ற இன்னொரு மரபணு.

இந்தச் செடி ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் அட்லாண்டிக்கில் இருக்கும் கேப் வெர்டே தீவுகளிலும் வளர்கிறது. அரைவறட்சித் தீவுகள். மழைக்காலம் சில மாதங்கள்தான், அதிலும் நம்பிக்கை இல்லை. மொராக்கோ பக்கத்திலிருந்து சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மிகச் சில விதைகள் அங்கே போய்ச் சேர்ந்திருக்கின்றன. இது தன் பூவைத் தானே கருவுறச் செய்துகொள்ளும் செடி என்பதால், ஒற்றை விதை போதும், ஒரு கூட்டம் உருவாக. ஆனால் அப்படி உருவான கூட்டத்தில் மரபணு வேறுபாடு கிட்டத்தட்ட பூஜ்யம். தேர்ந்தெடுக்க ஏதாவது இருந்தால்தானே இயற்கைத் தேர்வு?

கொலோனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் தாவரப் பெருக்க ஆய்வு நிறுவனத்தில் ஏஞ்சலா ஹான்காக் குழு இந்தச் செடிகளின் மரபணுத் தொகுதிகளைப் படித்து 2022இல் வெளியிட்டது. சாந்தோ அந்தாவ் தீவில் எஃப்ஆர்ஐ மரபணுவின் நடுவே ஒரு நிறுத்தக்குறி விழுந்திருக்கிறது, அதாவது புரதம் கட்டும் வேலை அங்கேயே பாதியில் நின்றுவிடும். ஃபோகோ தீவிலோ எஃப்ஆர்ஐ அப்படியே இருக்கிறது, எஃப்எல்சி மரபணுவின் தொடக்கத்திலேயே, மூன்றாவது அமினோ அமிலத்தின் இடத்தில், நிறுத்தக்குறி. ஒரு தீவில் பூட்டை இறுக்கும் கை போனது, மற்றதில் பூட்டே போனது. இரண்டிலும் பலன் ஒன்று: குளிருக்குக் காத்திராமல் சீக்கிரம் பூப்பது. இரண்டுமே தீவுக்கு வந்த பிறகு புதிதாக ஏற்பட்ட பிறழ்வுகள். தாய்க்கூட்டத்திலிருந்து எடுத்துவந்தவை அல்ல.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, புதிதாக எதுவும் கட்டப்படவில்லை என்பது. இருந்த ஒன்று உடைந்தது, அவ்வளவுதான். உடைவது எளிது, உடைய எத்தனையோ வழி உண்டு. தடித்த இலைக்கோ நூற்றுக்கணக்கான மரபணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக நகர வேண்டும். பாலைவனத்துக்கு வந்த களையிடம் அவ்வளவு அவகாசம் இல்லை. முதல் சில வறட்சிகளிலேயே கூட்டம் அழிந்துவிடும். எது சட்டென்று கிடைக்கிறதோ அதுதான் காப்பாற்றும்.

கள்ளிச்செடி

பூக்கும் காலத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது முதல் படிதானே? சீக்கிரம் பூக்கும் செடியிலும், நீரைச் சிக்கனமாகச் செலவழிக்கும் செடிதான் அடுத்த கட்டத்தில் ஜெயிக்கும். இரண்டும் சேர்ந்தே நடக்கும் என்பது என் வாதம்.

பச்சையம்

இங்கேதான் சுவாரசியம். அதே கேப் வெர்டே செடிகளில் எம்பிகே12 என்ற இன்னொரு மரபணுவில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருக்கிறது. இது இலைத்துளையைத் திறந்து மூடும் காவல் செல்களில் வேலை செய்வது. இந்த மாற்றம் உள்ள செடியில் காவல் செல்கள் பெரிதாக இருக்கின்றன, இலைத்துளை அதிகமாகத் திறந்திருக்கிறது. வறண்ட தீவுச் செடி நீரைச் சேமிப்பதற்குப் பதில் கூடுதலாகச் செலவழிக்கிறது! 2014இல் இந்த மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். இந்த ஊதாரித்தனமே அங்கே தகவமைப்புதான் என்று பிறகு ஹான்காக் குழு 2023இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

கள்ளிச்செடி

வறண்ட இடத்தில் ஊதாரிச் செடிக்கு ஆதாயமா? இது எப்படி ஒத்துவரும்? இலைத்துளையை மூடிவைக்கும் செடி அதிக நாள் உயிரோடு இருக்குமே.

பச்சையம்

அதிக நாள் உயிரோடு இருந்து என்ன செய்யப்போகிறது? ஓராண்டுச் செடிக்குக் கணக்கு, எத்தனை விதை விட்டது என்பது மட்டும்தான்.

இலைத்துளை வழியாகத்தான் நீர் போகிறது, கரியமில வாயு வருகிறது. இரண்டுக்கும் கதவு ஒன்றே. மூடினால் நீர் மிச்சம், வளர்ச்சியும் நின்றுவிடும். திறந்தால் வளர்ச்சி வேகம், நீர் போய்விடும். இனி பாலைவன மேல்மண்ணைப் பாருங்கள். மழை பெய்த பிறகு அதில் இருக்கும் ஈரத்தைச் செடி குடிக்காமல் விட்டுவைத்தால் அது நாளைக்கு அங்கேயே இருக்குமா? இருக்காது. வெயில் குடிக்கும், இல்லையென்றால் பக்கத்துச் செடி குடிக்கும். கள்ளி தன் உடம்புக்குள் சேமிக்கிறது, அது வேறு விஷயம். மேல்மண்ணில் ஒரு சாண் வேரோடு நிற்கும் குட்டிக் களைக்கு மண்ணில் சேமிப்பு என்று ஒன்று கிடையாது. ஆகவே கிடைத்தவரை உறிஞ்சி, வேகமாக வளர்ந்து, ஈரம் தீர்வதற்குள் விதை விட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

இதற்கு எல்லை உண்டு. மழை முடிந்ததும் சட்டென்று வறட்சி வரும் இடத்தில்தான் ஊதாரி ஜெயிப்பான். நடுவில் நீண்ட வறட்சி வந்து மறுபடி மழை பெய்யும் இடத்தில் சிக்கனக்காரன் ஜெயிப்பான். பாலைவனம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், மழை வரும் ஒழுங்கு இடத்துக்கு இடம் வேறு.

ஓரக்கண்

தீவு, சில ஆயிரம் ஆண்டு, எல்லாம் சரி. வேகமாக நடந்த கதை ஒன்று இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லையே.

பிராசிகா ராபா. காட்டுக் கடுகு என்று வைத்துக்கொள்ளுங்கள். கலிபோர்னியாவில் சாலையோரம், தரிசு எங்கும் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். அதன் விதைகளை 1997இல் சேகரித்துக் குளிரில் வைத்திருந்தார்கள். 2000 முதல் 2004 வரை தெற்குக் கலிபோர்னியாவில் தொடர் வறட்சி. 2004இல் அதே இடங்களில் மறுபடி விதை சேகரித்தார்கள். அப்புறம் தாத்தா விதைகளையும் பேரன் விதைகளையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் வளர்த்தார்கள். ஃபிராங்க்ஸ், சிம், வெயிஸ் மூவரும் 2007இல் வெளியிட்ட முடிவு: வறட்சிக்குப் பிந்தைய செடிகள் ஒரு கூட்டத்தில் 1.9 நாள், இன்னொன்றில் 8.6 நாள் முன்னதாகப் பூத்தன. இரண்டையும் கலந்து உண்டாக்கிய கலப்புச் செடிகள் நடுவாந்திரத்தில் பூத்தன. அதனால் இது மரபுவழி மாற்றம்தான், சூழலைப் பார்த்துச் செடி அன்றைக்குக் காட்டிய நெளிவு அல்ல.

விரல்விட்டு எண்ணக்கூடிய தலைமுறைகள்! இதே செடிகளை வைத்து ஃபிராங்க்ஸ் பிறகு செய்த ஆய்விலும் பச்சையம் சொன்னதுதான் வந்தது. வறட்சிக்குப் பின் நீர்ச் சிக்கனம் கூடவில்லை, குறைந்தது. கள்ளிச்செடியின் பத்தாயிரம் ஆண்டுக் குட்டிக் கள்ளிக்கு இப்போதைக்கு அறிகுறி எதுவும் இல்லை.

மண்புழு

அப்படியானால் ஒரு சந்தேகம். எல்லாச் செடியும் சீக்கிரம் முளைத்துச் சீக்கிரம் பூக்கப் பழகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருடம் முதல் மழை பெய்து எல்லாம் முளைத்துவிட்டது, அப்புறம் மழையே இல்லை. கூட்டத்தோடு காலி ஆகிவிடாதா? பாலைவனத்தில் இது அடிக்கடி நடக்குமே.

விதைப்பெட்டி

நல்ல கேள்வி. பாலைவனத்தின் உண்மையான சிக்கலே இதுதான். மழை குறைவு என்பதைவிட, எப்போது ஏமாற்றும் என்று தெரியாதது பெரிய தொல்லை.

விடை, எல்லா விதையும் ஒரே நேரத்தில் முளைக்கக் கூடாது. ஒரு பங்கு முளைக்கட்டும், மிச்சம் மண்ணுக்குள் தூங்கட்டும். எவ்வளவு பங்கு என்பதை 1966இல் டான் கோஹன் கணிதமாகவே எழுதிவைத்தார். பொய்த்துப்போகும் ஆண்டுகள் எவ்வளவு அதிகமோ, அவ்வளவு குறைவாக முளைப்பது நல்லது. நல்ல ஆண்டில் கிடைத்திருக்கக்கூடிய லாபம் கொஞ்சம் போகும், ஆனால் கெட்ட ஆண்டு வம்சத்தையே துடைத்துப்போட்டுவிடாது. அரிசோனாவில் டூசான் நகரை ஒட்டிய டூமமாக் குன்றில் லாரன்ஸ் வெனபிள் 1980களிலிருந்து ஓராண்டுச் செடிகளை ஒவ்வொன்றாக எண்ணிவந்தார். எந்த இனத்தின் விளைச்சல் ஆண்டுக்கு ஆண்டு அதிகம் தாறுமாறாக இருக்கிறதோ, அந்த இனத்தின் விதைகள்தான் குறைந்த பங்கு முளைக்கின்றன என்று 2007இல் காட்டினார். கோஹனின் கணக்கு மண்ணில் அப்படியே நின்றது.

சாலையோரக் களையிலேயே இது உண்டு. நெருஞ்சி முள்ளை எடுத்துப் பாருங்கள். காய் முற்றினால் ஐந்து துண்டாக உடையும், ஒவ்வொரு துண்டிலும் கெட்டியான இரண்டு பெரிய முட்கள். டயரிலும் செருப்பிலும் ஏறிப் பயணம் போவது இந்தத் துண்டுதான். குறுக்கே வெட்டினால் ஒரே உறைக்குள் வரிசையாகச் சில விதைகள், ஒன்று பெரிது, மற்றவை அதைவிடச் சிறிது. பெரியது முதலில் முளைக்கும். மற்றவை அடுத்த பருவத்துக்கோ அதற்கும் அடுத்ததுக்கோ காத்திருக்கும். ஒரே முள்ளுக்குள் இன்றைய முதலீடும் நாளைய வைப்புநிதியும்.

கள்ளிச்செடி

நெருஞ்சி பற்றிச் சொன்னதால் கேட்கிறேன். அது சுட்டெரிக்கும் வெயிலில் பச்சையாகப் படர்ந்து கிடக்கிறதே. ஓடி ஒளியும் செடி இல்லையே? உங்கள் ‘காலக்கணக்கு மட்டும்தான்’ என்ற வாதத்துக்கு இது இடிக்கிறது.

விதைப்பெட்டி

‘மட்டும்தான்’ என்று நான் சொல்லவில்லை, ‘பெரும்பாலும்’ என்றேன். நெருஞ்சி சி4 வகை ஒளிச்சேர்க்கை செய்யும் செடி. இலைக்குள் கரியமில வாயுவை ஒரு இடத்தில் குவித்துச் செலவழிக்கும் ஏற்பாடு அது. அதனால் இலைத்துளையைக் குறைவாகத் திறந்தாலும் போதும், சூட்டிலும் வேலை நடக்கும். ஆனால் கவனியுங்கள், நெருஞ்சி இதைப் பாலைவனத்துக்கு வந்து கற்றுக்கொள்ளவில்லை. அதன் குடும்பமே வறண்ட நிலத்துக் குடும்பம்.

பச்சையம்

கள்ளிச்செடிக்கு உண்மையில் கைகொடுக்கும் சாட்சி பருப்புக்கீரைதான், போர்ச்சுலாக்கா ஒலரேசியா. நடைபாதைக் கல் இடுக்கில் சிவந்த தண்டோடு படர்ந்திருக்கும், உலகம் முழுக்க உள்ள களை.

இதன் இலை சதைப்பற்றானது. இதுவும் சி4 செடி. அது போதாது என்று, வறட்சி வந்தால் கள்ளியின் வழியையும் கையில் எடுக்கிறது. இரவில் கரியமில வாயுவை அமிலமாக்கி இலைக்குள் வைத்துக்கொண்டு பகலில் செலவழிப்பது, அதாவது சிஏஎம். வறட்சியில் இருக்கும் செடியின் இலையில் விடியற்காலையில் அமிலம் கூடியிருக்கும், மாலைக்குள் குறைந்துவிடும். இதை 1980லேயே அளந்தார்கள். நீர் ஊற்றினால் மறுபடி வெறும் சி4ஆக வேலை செய்யும்.

புதிராக இருந்தது என்னவென்றால், இந்த இரண்டு இயந்திரமும் ஒரே இலையில் ஒன்றையொன்று இடிக்காமல் எப்படி ஓடுகின்றன? இலையின் வெவ்வேறு பகுதிகளில் தனித்தனியாக ஓடலாம் என்றே பலர் நினைத்தார்கள். 2022இல் யேல் பல்கலைக்கழகத்தில் எரிகா எட்வர்ட்ஸ் குழு, இலையின் செல் வகைகளில் எந்த மரபணு எங்கே வேலை செய்கிறது என்று தேடிப் பார்த்தது. இரண்டும் ஒரே செல்களில்தான் நடக்கின்றன. இரவில் சேர்த்த அமிலம் பகலில் அப்படியே சி4 பாதைக்குள் போய்ச் சேர்கிறது. இரண்டு இயந்திரம் இல்லை, இரண்டு வாய் வைத்த ஒரே இயந்திரம்.

இந்தச் செடியைப் பிடுங்கிக் காய விட்டாலும் தண்டில் உள்ள ஈரத்தை வைத்தே காய் முற்றிவிடும். காயைக் கிட்டத்தில் பார்த்தால் சின்னக் குமிழ், நடுவில் சுற்றிலும் ஒரு கோடு. முற்றியதும் மேல்பாதி தொப்பி மாதிரி கழன்று விழும், உள்ளே மினுமினுக்கும் கறுப்புப் பொடி விதை. களை எடுத்துவிட்டோம் என்று குவித்துவைத்தால், குவியலிலிருந்தே விதைத்துவிடும்.

கள்ளிச்செடி

பார்த்தீர்களா! இலை, சேமிப்பு, எல்லாம் இருக்கிறது. கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கில் வளரும் டைடஸ்ட்ரோமியா என்ற செடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் ஒளிச்சேர்க்கை 47 டிகிரி செல்சியஸில் உச்சத்தைத் தொடுகிறது என்று 1972இல் பியோர்க்மன் குழு அந்த இடத்திலேயே அளந்தது. மற்ற செடிகள் வாடிச் சுருளும் கோடையில்தான் அது கொழிக்கிறது. அதுவும் நாயுருவி, தண்டுக்கீரை எல்லாம் இருக்கும் அதே குடும்பம். களைக் குடும்பம்.

ஓரக்கண்

குடும்பத்தில் களை இருந்தால் எல்லாரும் களையா? டைடஸ்ட்ரோமியா பாலைவனத்தின் சொந்தக்காரி. நாம் பேசிக்கொண்டிருப்பது வெளியிலிருந்து வந்தவர்களைப் பற்றி. பருப்புக்கீரையும் பாலைவனத்துக்கு வந்து இந்த வித்தையைக் கற்கவில்லை, கூடவே எடுத்துவந்தது.

எனக்கு ரொம்ப நாளாக இருக்கும் எரிச்சல் இது. ஒரு களை பாலைவனத்தில் பரவினால் உடனே ‘தகவமைத்துக்கொண்டது’ என்று எழுதிவிடுகிறார்கள். பல நேரம் அது எதையும் தகவமைக்கவில்லை. பொருத்தமான உடம்போடு வந்து இறங்கியது, அவ்வளவுதான். சகாராக் கடுகு, பிராசிகா டூர்னிஃபோர்ட்டி, சரியான உதாரணம். கலிபோர்னியாவின் கோச்செல்லா பள்ளத்தாக்கில் 1927இல் முதலில் பதிவானது, பேரீச்சை மரங்களை இறக்குமதி செய்த வழியில் வந்திருக்கலாம் என்கிறார்கள். அதன் பூர்வீகமே வட ஆப்பிரிக்கா, மேற்காசியாவின் வறண்ட நிலங்கள். ஒரு பாலைவனத்திலிருந்து இன்னொன்றுக்கு வீடு மாறியது. மழை பட்டதும் உள்ளூர்ச் செடிகளுக்கு முன் முளைத்து, முன்னாலேயே பூத்து, இடத்தை அடைத்துக்கொள்கிறது. விதை நனைந்தால் மேலே பசை மாதிரி கொழகொழப்பு வரும், டயரில் ஒட்டிக்கொண்டு சாலை நெடுகப் போகும். காய்ந்தால் தீக்கு நல்ல எரிபொருள். இதைப் பரிணாமத்தின் அதிசயம் என்று கொண்டாட ஒன்றுமில்லை.

தூக்கக்கலக்கம்

எருக்கு பற்றி ஏன் யாரும் பேசவில்லை? சாலையோரமும் அதற்குத்தான், பாலைவனமும் அதற்குத்தான்.

விதைப்பெட்டி

எருக்கு பல்லாண்டுச் செடி. அடியில் ஆழமான வேர், இலையில் மெழுகு, உடைத்தால் பால். அதன் இனத்தில் ஒன்று சகாராவிலும் அரேபியாவிலும் இயல்பாகவே வளர்வது. ஓரக்கண் சொன்ன ‘ஏற்கெனவே பொருத்தமாக இருந்த’ பட்டியலில் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஓரக்கண் சொன்னதில் பெரும்பகுதி சரி, ஆனால் வந்து இறங்கியவுடன் கதை முடிந்துவிடுவதில்லை. கேப் வெர்டேயில் பூக்கும் காலம் மாறியதோடு நிற்கவில்லை. ஃபோகோ ஓர் எரிமலைத் தீவு. மண்ணில் இரும்போடு ஒப்பிட்டால் மாங்கனீசு மிகக் குறைவு. அங்கே வளரும் அரபிடோப்சிஸில் இரும்பை உள்ளே இழுக்கும் ஐஆர்டி1 கடத்தி முதலில் பழுதானது. அதன் பிறகு மாங்கனீசையும் இரும்பையும் கடத்தும் என்ராம்ப்1 மரபணு பல நகல்களாகப் பெருகியது. இரண்டு படியில் செடி அந்த மண்ணுக்கு ஒத்துப்போனது. வறட்சியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால் மண்ணை மறந்துவிடுவோம். உப்பு, போரான், சுண்ணாம்பு என்று பாலைவன மண் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம்.

பச்சையம்

விதையின் உடம்பையும் பார்க்க வேண்டும். எரோடியம் சிக்குட்டேரியம் என்ற களை, காய் நாரை மூக்கு போல நீண்டிருக்கும். மத்தியதரைக் கடல் பகுதியிலிருந்து அமெரிக்கா போனது. கலிபோர்னியாவில் முதல் கிறித்தவ மடம் எழுந்தது 1769இல். அங்கே சாண்டா பார்பராக் கடற்கால்வாயின் அடிச்சேற்றுப் படிவங்களில் இதன் மகரந்தம் அதற்கும் சில ஆண்டுகள் முன்பிருந்தே இருக்கிறது. குடியேறிகளுக்கு முன்னால் அவர்களுடைய களை போய்ச் சேர்ந்துவிட்டது!

இதன் விதைக்கு ஒரு வால் உண்டு. காய்ந்திருக்கும்போது திருகாணி மாதிரி சுருண்டிருக்கும். ஒரு சொட்டு ஈரம் பட்டால் கண்முன்னாலேயே மெல்லச் சுழன்று பிரியும். வாலின் நுனி மண்ணிலோ ஒரு சருகிலோ முட்டிக்கொண்டால், சுழற்சி முழுக்க விதையின் கூர்முனைக்குப் போய் அது மண்ணைத் துளைக்கும். காய்ந்தால் மறுபடி சுருளும், ஆனால் விதையின் மேல் உள்ள ரோமங்கள் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் வெளியே வராது. இரவு ஈரம், பகல் வெயில், மறுபடி இரவு. தன்னைத்தானே புதைத்துக்கொள்ளும். மேல்மண் கொதிக்கும் இடத்தில் சற்றுக் கீழே போய்ப் படுத்துக்கொள்வது எவ்வளவு பெரிய விஷயம்!

மண்புழு

எல்லாருக்கும் நன்றி. இப்போது ஆசை வந்துவிட்டது. ஈரமான பகுதிச் சாலையோரத்திலிருந்தும் வறண்ட பகுதிச் சாலையோரத்திலிருந்தும் ஒரே களையின் விதைகளை எடுத்து, தொட்டியில் வளர்த்து, எது முதலில் பூக்கிறது என்று பார்க்கலாம் என்று இருக்கிறேன். நெருஞ்சி சரியாக வருமா? என்ன கவனிக்க வேண்டும்?

விதைப்பெட்டி

தாராளமாகச் செய்யுங்கள். ஒரு எச்சரிக்கை மட்டும்: எடுத்த விதையை நேரடியாக ஒப்பிடாதீர்கள். வறட்சியில் நின்ற தாய்ச்செடியின் விதை மெலிந்திருக்கும், அதனாலேயே பிள்ளை வேறு மாதிரி வளரும். அது மரபு மாற்றம் ஆகாது. முதலில் எல்லாவற்றையும் ஒரே மாதிரி நீர் ஊற்றி ஒரு தலைமுறை வளர்த்து, அவை விடும் விதைகளைத்தான் சோதனைக்கு எடுக்க வேண்டும். கலிபோர்னியாக் கடுகிலும் அப்படித்தான் செய்தார்கள். ஒவ்வொரு தாய்ச்செடியின் விதையையும் தனித்தனி உறையில் போட்டுப் பெயர் எழுதுங்கள். தொட்டிகளைக் கலைத்து வையுங்கள். வறண்ட பகுதிச் செடி எல்லாம் சுவர் ஓரம், மற்றவை நடுவில் என்று வைத்தால் சுவரின் சூட்டைத்தான் அளப்பீர்கள். பாதித் தொட்டிகளுக்கு நடுவில் நீரை நிறுத்திப் பாருங்கள், அங்கேதான் வேறுபாடு வெளிப்படும்.

பச்சையம்

முதல் பூ விரியும் நாளோடு, விதையின் மொத்த எடையையும் குறித்துவையுங்கள். சீக்கிரம் பூத்துவிட்டு நாலு விதையோடு செத்துப்போனால் அதில் ஆதாயம் இல்லை.

ஓரக்கண்

சோதனை முடிந்ததும் மிச்ச விதைகளை எரித்துவிடுங்கள். ஒரு இடத்துக் களை விதையை இன்னொரு இடத்து மண்ணில் கொட்டிவிட்டு அறிவியல் செய்தோம் என்று சொல்லாதீர்கள். அப்புறம் நெருஞ்சி வேண்டாம், வேறு ஏதாவது எடுங்கள். ஒரு முள்ளுக்குள் சில விதைகள், அதில் எது இந்த வருடம் முளைக்கும், எது தூங்கும் என்று கணக்கு வைப்பதற்குள் பொறுமை போய்விடும். கையில் குத்துவது தனி.

கள்ளிச்செடி

பருப்புக்கீரை எடுங்கள். வேகமாக வளரும், விதைக்குப் பஞ்சமில்லை. கூடவே இலையின் தடிமனையும் அளந்து போடுங்கள். அதை நான் இன்னும் விடவில்லை.